வேற்றுலகத்தாருக்கு மடல் எழுத எமக்கு உரிமை உண்டா?

எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருளை முன்னிட்டு, மலர்க் குழுவினரின் கட்டளைப்படி இக்கட்டுரையை எழுதத் தொடங்குகின்றேன். முன்னைய மலர்களில் ஆலய வரலாறு பற்றியும், உபயகாரர் பற்றியும், தேர்த் திருப்பணிக் கணக்குப் பற்றியும் எழுதியிருக்கின்றேன். இம்முறை விடயம் சற்று வேறானது. "ஓய்வூதியம் எடுத்தபின் இவருக்கு என்ன பிடித்தது?" என்று அடியார்கள் சிலர் எண்ணக்கூடும். பொறுத்தருள வேண்டும்.

கடந்த மகோற்சவ காலத்தில் ஓரிரவு, சுவாமி வீதியுலா முடிந்து இருப்புக்கு வந்த பின்னர், வெளிவீதி மணலில் நாங்கள் சிலர் அமர்ந்திருந்தோம். மின்சாரம் நின்றிருந்தது. வானம் நிறைய வெள்ளிகள். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் கற்கும் எமது ஊர்ப் பிள்ளை ஒருவன், சப்பறத்துக்குத் தோள் கொடுத்த களைப்போடு அருகில் வந்து இருந்தான். சிறிது நேரம் மேலே பார்த்துவிட்டுக் கேட்டான்:

"ஐயா, அங்கை எங்கையாவது எங்களைப்போல புத்தியுள்ள ஆக்கள் இருந்தா, நாங்கள் அவையளைக் கூப்பிடுறது சரியோ?"

"இருக்கினமோ" என்று கேட்டிருந்தால், "தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். அவன் கேட்டதோ "சரியோ" என்று. அன்றிரவு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பின்னர் பல மாதங்களாக இதைப் பற்றி வாசித்தும் யோசித்தும் வந்தேன். அதன் பயனே இது.

முதலில் ஒரு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லி அப்பால் செல்கின்றேன். வேற்றுலகில் உயிர்கள் இருப்பின் எமது சமயத்துக்கு அதனால் இடர் உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. யாதோர் இடரும் இல்லை. உயிர்கள் எண்ணிலாதன என்பதும், அவ்வவற்றின் வினைக்கேற்பத் தனு, கரண, புவன, போகங்கள் கொடுக்கப்படுகின்றன என்பதும் சைவ சித்தாந்தம். திருவாசகத்தில் திருவண்டப்பகுதியை ஓதுவோர் அண்டங்கள் பலவென்பதை அறிவர். இதை வைத்துக்கொண்டு, எம் முன்னோர் விஞ்ஞானம் முழுவதையும் முன்னரே அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அண்டம் பெரிது என்று சொன்னார்கள். அதிலே நாம் சிறியோர் என்பதற்காகவே சொன்னார்கள்.

இனி விஞ்ஞானிகள் செய்திருப்பவற்றைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டு கொக்கோனி, மொரிசன் என்னும் இருவர், நட்சத்திரங்களுக்கிடையே செய்தி அனுப்ப வானொலி அலைகளே ஏற்றவை என்று ஒரு கட்டுரை எழுதினர். அண்டத்தில் மிக அதிகமாகவுள்ள ஐதரசன் வாயு 21 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் இயல்பாகவே அலைகளை வெளிவிடுகின்றது. விஞ்ஞானம் அறிந்த எவரும் அந்த அலைநீளத்தை அறிந்திருப்பர். ஆகவே அங்கே காதுகொடுத்தால் ஏதும் கேட்கலாம் என்பது அவர்களது வாதம். அடுத்த ஆண்டே, 1960இல், பிராங் ட்றேக் என்பவர் அமெரிக்காவின் கிறீன் பாங்க் என்னுமிடத்தில் 26 மீற்றர் அகலமுள்ள வானொலித் தொலைநோக்கியை இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பி வைத்துக் கேட்டார். எதுவும் கேட்கவில்லை. 1977 ஆகஸ்ட் 15ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்திலிருந்த தொலைநோக்கி ஒன்றில் 72 செக்கன் நேரம் பலமான சமிக்ஞையொன்று பதிவாகியது. அச்சுத் தாளைப் பார்த்த விஞ்ஞானி, வியப்பைக் குறிக்கும் "வாவ்" என்ற சொல்லைச் சிவப்பு மையால் ஓரத்தில் எழுதினார். அந்தச் சமிக்ஞை பின்னர் ஒருபோதும் திரும்ப வரவில்லை. ஆறு தசாப்தங்களுக்கு மேலாகத் தேடியும் ஐயந்திரிபற்ற ஒரு செய்திகூடக் கிடைக்கவில்லை. ஆனால் வேறு சூரியர்களைச் சுற்றும் கிரகங்கள் உண்டென்பது இன்று ஊகமல்ல. உறுதிசெய்யப்பட்டவற்றின் தொகை 6000ஐத் தாண்டிவிட்டது.

கேட்பதில் எவருக்கும் தீங்கில்லை. ஆலய வாசலில் நின்று மணியோசை கேட்பது போன்றது அது. சிக்கல் இருப்பது சொல்வதில்.

1974 நவம்பர் 16ஆம் திகதி, புவேட்டோ ரிக்கோ தீவிலுள்ள அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து ஒரு செய்தி அனுப்பப்பட்டது. ஒன்றும் பூச்சியமுமாக 1679 குறிகள். மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம். அதில் எண்களும், எம் உடலின் அடிப்படை மூலகங்களும், மனித உருவமும், அக்காலத்து மனிதத் தொகையும், நாம் சூரியனிலிருந்து எத்தனையாவது கிரகத்தில் வாழ்கின்றோம் என்பதும் இருந்தன. அதாவது பெயர், குடும்ப விபரம், விலாசம் மூன்றும் கொடுத்தாயிற்று. சென்றடையும் இடம் அண்ணளவாக 25,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள நட்சத்திரக் கூட்டம். ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் செல்லும் தூரம். ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீற்றர். வானொலி அலையும் ஒளியின் வேகத்திலேயே செல்லும். ஆகவே பதில் வந்தாலும் 50,000 ஆண்டுகள் கழித்தே வரும். அனுப்பிய தொலைநோக்கியோ 2020 டிசம்பர் 1ஆம் திகதி இடிந்து வீழ்ந்துவிட்டது.

1977இல் வொயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒவ்வொன்று வைக்கப்பட்டது. கார்ல் சேகன் தலைமையிலான சிறு குழுவினர் தயாரித்தது. அதிலே 55 மொழிகளில் வாழ்த்துரைகள் உள்ளன. அந்தப் பட்டியலைத் தேடிப் படித்தபோது என் கண் இயல்பாகவே ஒன்றைத் தேடியது. தெலுங்கு இருக்கின்றது. கன்னடம் இருக்கின்றது. எமது நாட்டு மொழிகளில் சிங்களம் இருக்கின்றது. இன்று பேசுவோர் எவருமற்ற சுமேரிய மொழிகூட இருக்கின்றது. தமிழ் இல்லை.

இதை நான் குறையாகச் சொல்லவரவில்லை. குறுகிய கால அவகாசத்தில், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சூழக் கிடைத்தவர்களைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தார்கள். கோபம் கொள்ள ஏதுமில்லை. ஆனால் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி ஒன்று விடுபட்டிருக்க, "பூமியின் மக்கள்" பேசுவதாக ஒரு மடல் போய்க்கொண்டிருக்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவன் இன்னொருவனுக்காகப் பேசும்போது இப்படித்தான் நடக்கும். அந்த இசைத்தட்டில் உலக மக்கள் சார்பாக உரையாற்றியவர் அப்போதைய ஐ.நா. செயலாளர் நாயகம் கேர்ட் வால்ட்ஹைம். சமாதானமும் நட்பும் நாடி வருகின்றோம் என்ற கருத்தில் அவர் பேசியிருக்கின்றார். இரண்டாம் உலகப் போரிலே பால்கன் பகுதியில் ஜேர்மன் படையில் தான் புரிந்த சேவையை அவர் மறைத்து வந்தார் என்பது 1986இல் உலகறிந்த செய்தியானது. அதற்குள் அவரது குரல் சூரிய மண்டலத்தின் வெளிப்புறத்தை அடைந்துவிட்டது. திருப்பி அழைக்க முடியாது. வொயேஜர் 1 இன்று 2500 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் சென்றுகொண்டேயிருக்கின்றது.

அடியேன் முப்பத்தைந்து ஆண்டுகள் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவன். கடிதத்தின் அடியில் "செயலாளருக்காக" என்று போட்டு ஒப்பமிடும் வழக்கம் பலருக்கும் தெரிந்ததே. அந்தச் "காக" என்ற இரண்டு எழுத்துக்காக அலுவலகத்தில் எத்தனை சுற்றுநிருபங்கள், எத்தனை விளக்கம் கோரல்கள்! அதிகாரம் கையளிக்கப்படாதவன் ஒப்பமிட்டால் அவன் பாடு திண்டாட்டம். ஒரு பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கே இவ்வளவு என்றால், மனித குலம் முழுவதற்குமாக ஒப்பமிடும் அதிகாரத்தை அந்தச் சிறு குழுவுக்குக் கொடுத்தவர் யார்?

அரெசிபோச் செய்தி சென்றபின், அதே ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய வானியலறிஞர் மாட்டின் ரைல் ஆட்சேபம் தெரிவித்தார். அங்கிருப்போர் தீயவர்களாகவோ பசித்தவர்களாகவோ இருக்கலாம், எம் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கலாகாது என்பது அவர் கருத்து. 2010இல் ஸ்டீபன் ஹோக்கிங்கும், கொலம்பஸ் வந்திறங்கியதால் அமெரிக்கப் பழங்குடியினருக்கு நேர்ந்ததை எடுத்துக்காட்டி இவ்வாறே எச்சரித்தார்.

கொலம்பஸ் வரை போவானேன்? விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ்பெற்ற ஆதர் சி. கிளாக் 1956இலிருந்து எம் நாட்டில் வாழ்ந்தவர். அவரும் நண்பர் மைக் வில்சனும் அந்த ஆண்டில் திருக்கோணமலைச் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் மூழ்கிப் பார்த்தபோது, ஆழத்தில் கோணேசர் ஆலயத்தின் செதுக்கிய கற்கள் கிடப்பதைக் கண்டனர். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளியவை அவை. (மைக் வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி என்ற பெயரோடு கதிர்காமக் கந்தனின் அடியவரானார் என்பது தனிக் கதை.) கப்பலில் வந்திறங்கிய தூர தேசத்தார் எம் ஆலயத்துக்குச் செய்ததைக் கிளாக் தன் கையால் தொட்டே பார்த்திருக்கின்றார். இருந்தும் வேற்றுலகத்தாரின் வருகையை அவர் அஞ்சவில்லை. 2007 டிசம்பரில் தமது 90ஆவது பிறந்தநாளில் மூன்று விருப்பங்களைச் சொன்னார்: வேற்றுலக உயிர் பற்றிய ஆதாரம் கிடைக்க வேண்டும், உலகம் எண்ணெயில் தங்கியிருப்பதை விட வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வரவேண்டும். மூன்றும் காணாமலே 2008 மார்ச்சில் காலமானார். முதலாவதைவிட மூன்றாவது இலகுவானதென்று அவர் எண்ணினாரோ என்னவோ.

அவரது நாவல் ஒன்றில் "ராமா" என்று பெயரிடப்பட்ட மாபெரும் கலமொன்று சூரிய மண்டலத்துள் வருகின்றது. மனிதர் ஓடிச்சென்று உள்ளே நுழைந்து பார்க்கின்றனர். கலமோ மனிதரைச் சற்றும் பொருட்படுத்தாமல் தன் வழியே போய்விடுகின்றது. நன்மை, தீமை என்ற இரண்டையே நாம் யோசிக்கின்றோம். அவர்கள் எம்மைத் திரும்பியும் பாராமற் போவதும் நடக்கக்கூடியதே.

இக்கேள்வியில் என் மனம் ஒரு பக்கம் சாயக் காரணமான நிகழ்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990இற்குப் பிந்திய ஆண்டுகள். மின்சாரம் இல்லை, ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெயும் திரியும் வைத்துப் பிள்ளைகள் படித்த காலம். இரவில் விமானச் சத்தம் கேட்டால் அதையும் ஊதி அணைத்துவிடுவோம். அப்படியான ஓரிரவில் எமது ஒழுங்கையில் ஒரு செத்த வீடு. அவ்வீட்டுக்காரர் முற்றத்தில் பெற்றோல்மாக்ஸ் விளக்கைக் கொளுத்தித் தூக்கிவிட்டார். சத்தம் கேட்டதும் அயலவர் ஓடிப்போய், அணைக்கும்படி மன்றாடினர். "என்ரை வளவு, என்ரை தாய், என்ரை விளக்கு" என்றார் அவர். துக்கத்தில் இருந்தவரை அதற்குமேல் யார் என்ன சொல்வது? விமானம் சுற்றிவிட்டுப் போய்விட்டது. அன்று ஒன்றும் நடக்கவில்லை. அவர் பின்னாளில், "பாத்தியளோ, ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்று சொல்லித் திரிந்தார். ஒன்றும் நடக்கவில்லை என்பது அவர் செய்தது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. விளக்கு அவருடையது, வெளிச்சம் ஒழுங்கை முழுவதற்கும் உரியது.

வானொலி, தொலைக்காட்சி, ராடர் அலைகள் பல பத்தாண்டுகளாக வெளியே கசிந்துகொண்டுதானே இருக்கின்றன, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று செய்தி அனுப்புவோர் வாதிடுகின்றனர். வேலி ஓலை இடுக்கால் கசியும் கைவிளக்கு வெளிச்சமும், பெற்றோல்மாக்ஸைத் தூக்கிக்கொண்டு சந்தியில் நிற்பதும் ஒன்றல்ல. கசியும் அலைகள் நாலாபக்கமும் சிதறி மிக விரைவில் மெலிந்துவிடும். குறிவைத்து அனுப்பும் கதிர் பன்மடங்கு செறிவானது.

ஆனால் இப்படிச் சொல்லி முடித்துவிட என் மனச்சாட்சி இடந்தரவில்லை. மற்றப் பக்கம் இழுக்கும் நிகழ்வும் ஒன்று உண்டு.

அதே தசாப்தத்தில், நான் கடமையாற்றிய ஓர் அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்திருந்த வயோதிபத் தாய் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. காலஞ்சென்ற கணவரின் நிலுவைப் பணம் பற்றியது. அக்காலத்தில் தபால் எப்போது வரும், எப்படி வரும் என்பது எவருக்கும் தெரியாது. அக்கடிதமே எம்மிடம் வந்துசேரப் பல வாரங்கள் எடுத்திருந்தது. முடிவில், "கடிதம் கிடைத்ததென்றாவது ஒரு வரி எழுதவும்" என்று கேட்டிருந்தார். நான் கோவையில் இட்டு மேலதிகாரியிடம் கொடுத்தேன். மேலிடத்து அறிவுறுத்தல் வரும்வரை பதில் எழுதவேண்டாம் என்றார். விதியின்படி அது சரிதான். ஏழு மாதம் கழிந்து அறிவுறுத்தல் வந்தது. அன்றே வரைபு எழுதி அனுப்பினேன். கடிதம் திரும்பி வந்தது. உறையின் மேல் "பெறுநர் காலமானார்" என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை எழுத எனக்கு எவருடைய பணமும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஒரு தபாலட்டை போதும். நான் எழுதவில்லை.

இக்கடிதத்தை இங்கே நினைக்கக் காரணம் உண்டு. வேற்றுலகச் செய்தி கிடைத்தால் என்ன செய்வதென்று சர்வதேச விண்வெளி ஆய்வுக் கழகம் 1989இல் வகுத்த கோட்பாடுகளில் ஒன்று, உரிய சர்வதேசக் கலந்தாலோசனை நடைபெறும்வரை பதில் அனுப்பக்கூடாது என்பது. அதைக் கண்டபோது எனக்கு அந்தக் கோவையின் மண்ணிற அட்டைதான் கண்முன் வந்தது. கலந்தாலோசிக்க வேண்டியது முறையே. ஆனால் நாடுகள் கூடி ஒரு வசனத்துக்கு உடன்பட எத்தனை ஆண்டு எடுக்கும் என்பது நாம் அறியாததா? அழைத்தவர் அழிந்துகொண்டிருக்கும் உலகத்திலிருந்து அழைத்திருந்தால்?

நெடுநாள் யோசித்தபின் அடியேன் வந்தடைந்த இடம் இது. எவரும் எம்மை அழைக்காத நிலையில், எல்லோருக்குமாக ஒருவர் விளக்கைத் தூக்குவது பிழை. அது துணிவு அல்ல. மற்றவன் உயிரை வைத்து ஆடுவது. அழைப்பொன்று வந்துவிட்டாலோ நிலைமை மாறிவிடுகின்றது. அப்போது பேசாதிருப்பதும் ஒரு செயலே. அதற்கும் நாமே பொறுப்பு. ஆகவே பதிலின் வாசகத்தை இப்போதே, ஒருவரும் அழைக்காத இந்த அமைதியான காலத்திலேயே, எல்லோரிடமும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். 55 மொழிக்காரரிடம் மாத்திரமல்ல. அலுவலகத்தில் இதை மாதிரிப் படிவம் என்போம். கடிதம் வந்தபின் வரைபு எழுதத் தொடங்கும் அலுவலகத்தில் பெறுநர் காலமாகிவிடுவார்.

இது நடக்குமா என்றால், நடப்பது எதிர்மாறு. 2008இல் ஒரு நொறுக்குத்தீனிக் கம்பனியின் விளம்பரத்தை 42 ஒளியாண்டு தூரத்து நட்சத்திரமொன்றுக்கு அனுப்பினார்கள். 2017 ஒக்ரோபரில், ஸ்பெயின் நாட்டு இசைவிழா ஒன்றின் 25ஆவது ஆண்டை முன்னிட்டு, நோர்வேயிலிருந்து 12 ஒளியாண்டுக்குச் சற்று அப்பாலுள்ள நட்சத்திரமொன்றைச் சுற்றும் கிரகத்துக்குக் கணிதக் குறிகளும் இசைத் துணுக்குகளும் அனுப்பப்பட்டன. இது 25,000 ஆண்டு விடயமல்ல. 2030ஆம் ஆண்டளவில் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே ஒருவர் இருந்து உடனே பதில் எழுதினால் 2040களின் தொடக்கத்தில் இங்கு வரும். அப்போது அடியேன் இருக்க மாட்டேன். சப்பறம் தூக்கிய அந்தப் பிள்ளை பெரும்பாலும் இருப்பான். எமது ஒழுங்கையிலே யாரோ விளக்கைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டார்கள். வாசலில் நிற்கப்போவது அவன்.

இக்கட்டுரையை எழுதி முடிக்குமுன், கடந்த வெள்ளிக்கிழமை மாலை அவனைக் கண்டு இதையெல்லாம் சொன்னேன். பட்டியலில் தமிழ் இல்லை என்றதும் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு கேட்டான்:

"சரி ஐயா, உங்களைக் கேட்டா நீங்கள் தமிழிலை என்னெண்டு எழுதுவியள்?"

"வாங்கோ, இருங்கோ எண்டு எழுதமாட்டன். 'தங்கள் கடிதம் கிடைத்தது' எண்டு எழுதுவன்."

"அவ்வளவுந்தானோ?"

"முதல் கடிதத்துக்கு அவ்வளவு போதும்."

அவன் சிரித்தான். "கீழை கையெழுத்து ஆர் ஐயா வைக்கிறது?"

சாயரட்சைப் பூசைக்கு மணி அடித்தது. இருவரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தோம்.